லினக்ஸ் ஏற்றிய மடிக்கணினியில் வைஃபை வரவில்லையா? அறிகுறி பார்த்துக் குறை கண்டறியும் முறை

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத கணினியில் முறைப்படி ஏறாது. அதனால் ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கங்களில் எட்டு, பத்து ஆண்டுகள் உழைத்தும் இன்னும் நன்றாக இருக்கும் மடிக்கணினிகளில் லினக்ஸ் வகை இயக்குதளங்களான லினக்ஸ் மின்ட், உபுண்டு, டெபியன் ஆகியவற்றை ஏற்றித் தரும்படி கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். திரை, ஒலி, விசைப்பலகை எல்லாம் ஏற்றியவுடனே வேலை செய்துவிடுகின்றன; வழக்கமாக முட்டுக்கட்டை விழும் இடம் வைஃபை. சென்னிமலையில் போர்வைக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், "ஏங்கண்ணு, எல்லாம் நல்லாத்தான் இருக்குது, நெட்டு மட்டும் வர மாட்டீங்குது. பழசையே போட்டுக் குடுத்துரு" என்று பையோடு வந்து நின்றார். அவருடைய கணினியில் வைஃபை அட்டைக்கு ஒரு குறையும் இல்லை என்பது பிறகு தெரிந்தது. அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

"வைஃபை வரவில்லை" என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது ஏழெட்டு வெவ்வேறு குறைகள் ஒளிந்திருக்கின்றன. அட்டை கணினியின் தாய்ப்பலகையில் சரியாகச் செருகியிருக்க வேண்டும். அதைக் கெர்னல் (இயக்குதளத்தின் மையப்பகுதி) அடையாளம் காண வேண்டும். அதற்குரிய டிரைவர் (அட்டையை இயக்கும் நிரல்) ஏற வேண்டும். டிரைவர் கேட்கும் ஃபர்ம்வேர் கோப்பு (அட்டைக்குள் ஓடும் நிரல்) கிடைக்க வேண்டும். ரேடியோ அணைக்கப்படாமல் இருக்க வேண்டும். அதன் பிறகுதான் ரூட்டர், கடவுச்சொல், முகவரி ஆகியவற்றின் முறை வரும். எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று பார்க்காமல், வேறு யாருடைய அட்டைக்கோ எழுதப்பட்ட கட்டளைகளை வரிசையாக ஒட்டிப் பார்ப்பவர்கள், இருந்த ஒரு குறையை மூன்றாக்கிக்கொள்கிறார்கள். என்னிடம் வரும் கணினிகளில் முதல் அரைமணி நேரம் அந்த ஒட்டுவேலையைப் பிரித்தெடுப்பதிலேயே போய்விடுகிறது.

கட்டளைகளின் பெயர்களை இங்கே ஒலிக்கும்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினல் எனும் கட்டளைச் சாளரத்தில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இடைவெளி காட்டிய இடத்தில் மட்டும் இடைவெளி விட்டுத் தட்ட வேண்டும்.

முதலில் செய்ய வேண்டியவை இரண்டு

ஒன்று, தற்காலிகமாக ஓர் இணைய இணைப்பு. வைஃபையைச் சரிசெய்யத் தேவையான கோப்புகளைப் பதிவிறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கோ வைஃபை வேண்டும் என்ற சிக்கலில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஆண்ட்ராய்டு கைபேசியை யுஎஸ்பி கேபிளால் மடிக்கணினியோடு இணைத்து, அமைப்புகளில் ஹாட்ஸ்பாட் பகுதியில் இருக்கும் யுஎஸ்பி டெதரிங்கை இயக்கினால், லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாக எடுத்துக்கொள்ளும். தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. டெதரிங் பொத்தான் மங்கலாகவே இருந்தால் கேபிளைச் சந்தேகப்படுங்கள்: சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவான கேபிள்களில் தரவு செல்லும் கம்பிகளே இருப்பதில்லை.

இரண்டு, அட்டையின் எண். மடிக்கணினியின் மாடல் பெயரை வைத்துத் தேடாதீர்கள், ஒரே மாடலில் இரண்டு மூன்று வகை அட்டைகள் வந்திருக்கும். 'எல்எஸ்பிசிஐ -என்என்கே' என்று தட்டினால் வரும் பட்டியலில் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்று தொடங்கும் பகுதியைப் பாருங்கள். அந்த வரியின் கடைசியில் சதுர அடைப்புக்குறிக்குள் முக்காற்புள்ளியால் பிரிந்த இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் தயாரிப்பாளரைச் சொல்வது: 8086 என்றால் இன்டெல் (1978-இல் வந்த அவர்களுடைய புகழ்பெற்ற சில்லின் எண்ணையே அடையாள எண்ணாக வைத்துக்கொண்டார்கள்), 14இ4 என்றால் பிராட்காம், 10இசி என்றால் ரியல்டெக், 168சி என்றால் ஏதெரோஸ், 14சி3 என்றால் மீடியாடெக். இரண்டாவது எண் சில்லின் வகை. இரண்டையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதே பகுதியில் 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்று ஒரு வரி இருக்கிறதா இல்லையா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இனி வருவதில் பாதி அந்த ஒரு வரியைப் பொறுத்தது.

அறிகுறி: பட்டியலில் அட்டையே இல்லை

கெர்னல் கண்ணுக்கே அட்டை தெரியவில்லை என்றால் டிரைவர் நிறுவிப் பயனில்லை. பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போதே திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) சென்று வயர்லெஸ் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸும் உடன் இருக்கும் கணினி என்றால், அதில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற தேர்வை நீக்குங்கள். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, பாதி உறக்கத்தில் விட்டுப்போன அட்டையை லினக்ஸால் எழுப்ப முடியாமல் போவதுண்டு. அடுத்து, கணினியை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, கழற்றக்கூடிய பேட்டரியானால் கழற்றி, பவர் பொத்தானை முப்பது விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு மீண்டும் இயக்கிப் பாருங்கள். கேட்க மந்திரம் போலத் தோன்றும். உள்ளே தேங்கியிருக்கும் மின்னேற்றம் வடிந்து அட்டை புதிதாகத் தொடங்குகிறது என்பதுதான் அதிலுள்ள செய்தி. இதற்கும் வரவில்லையென்றால் அடிமூடியைக் கழற்றி, அட்டையை எடுத்து மீண்டும் செருக வேண்டும். பஞ்சுத் தூசி பறக்கும் தறிக்குடோன் அலுவலகங்களிலிருந்து வரும் கணினிகளில், இதைச் செய்யும்போதே விசிறியையும் துடைத்துவிடுவது நல்லது.

யுஎஸ்பி வைஃபை துண்டு வைத்திருப்பவர்கள் 'எல்எஸ்யுஎஸ்பி' கட்டளையில் பார்க்க வேண்டும். சில துண்டுகள் செருகியதும் விண்டோஸ் டிரைவர் அடங்கிய சிடி போல வேடமிட்டு நிற்கும். கோப்பு மேலாளரில் தெரியும் அந்தச் சிடியை 'எஜெக்ட்' செய்தால் வேடம் கலைந்து வைஃபை அட்டையாக மாறும். ஒவ்வொரு முறையும் இதைச் செய்யச் சலிப்பாக இருந்தால் 'யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச்' என்ற பேக்கேஜை (மென்பொருள் தொகுப்பை) நிறுவிக்கொள்ளலாம்.

அறிகுறி: அட்டை இருக்கிறது, டிரைவர் வரி இல்லை

இதற்குக் காரணங்கள் இரண்டு. கெர்னல் அட்டையைவிட வயதானதாக இருக்கலாம், அல்லது அந்த அட்டைக்குக் கெர்னலுக்குள் டிரைவரே இல்லாமல் இருக்கலாம்.

முதல் வகை புதிய கணினிகளில் வரும். இன்டெல் ஏஎக்ஸ்210 அட்டைக்குக் கெர்னல் 5.10 வேண்டும், மீடியாடெக் எம்டி7921-க்கு 5.12, ரியல்டெக் ஆர்டிஎல்8821சிஇ 5.9-இலும், ஆர்டிஎல்8852பிஇ 6.2-இலும்தான் நேரடியாகச் சேர்ந்தன. 'யுநேம் -ஆர்' என்று தட்டினால் உங்கள் கெர்னலின் எண் தெரியும். டெபியன் 12-இல் வருவது 6.1, டெபியன் 13-இல் 6.12. ஆகவே 8852பிஇ அட்டையோடு டெபியன் 12-இல் போராடுபவர், வெளியிலிருந்து டிரைவர் மூலநிரலை இறக்கிக் கட்டுவதைவிட 13-க்கு மாறுவது மேல் என்பேன். இணையத்தில் கிடைக்கும் பழைய கட்டுரைகள் 8821சிஇ-க்குத் தனி டிரைவர் கட்டச் சொல்லும். அவை எழுதப்பட்ட நாளில் அது சரி. இன்றைய கெர்னலில் அதைக் கட்டினால் உள்ளிருக்கும் டிரைவரோடு மோதி, இருந்ததும் போகும்.

இரண்டாம் வகை பெரும்பாலும் பிராட்காம். 14இ4:4365 என்ற எண் கொண்ட பிசிஎம்43142 அட்டை பத்தாண்டுக்கு முந்தைய மடிக்கணினிகளில் நிறைய உண்டு. அதற்கு அந்த நிறுவனமே தரும் 'டபிள்யூஎல்' என்ற சொந்த டிரைவர்தான் வேலை செய்யும். கைபேசி இணையத்தை இணைத்துவிட்டு, உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்', மின்ட்டில் 'டிரைவர் மேலாளர்' என்ற பகுதியைத் திறந்தால் அதுவே கண்டுபிடித்து நிறுவும். டெபியனில் 'பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ்' என்ற பேக்கேஜை நிறுவ வேண்டும். அதற்கு முன் உங்கள் கெர்னலுக்குரிய ஹெடர் பேக்கேஜும் (கெர்னலின் அளவு விவரங்கள்) இருக்க வேண்டும், ஏனெனில் இந்த டிரைவர் உங்கள் கணினியிலேயே, உங்கள் கெர்னலுக்கு அளவெடுத்துத் தைக்கப்படுகிறது. அளவு இல்லாமல் தையல்காரர் என்ன செய்வார்?

இதே பிராட்காமில் இன்னும் பழைய சில்லுகளுக்கு 'பி43', 'பிஆர்சிஎம்எஸ்மேக்' என்ற திறந்த டிரைவர்கள் உண்டு. 14இ4:4727 என்ற எண்ணுள்ள பிசிஎம்4313 இரண்டாவதோடு ஒத்துப்போகும். எண்ணைப் பார்க்காமல் 'பிராட்காம் என்றால் டபிள்யூஎல்' என்று முடிவுகட்ட வேண்டாம்.

அறிகுறி: டிரைவர் நிறுவினேன், பிழையில்லாமல் முடிந்தது, ஆனாலும் ஏறவில்லை

டிரைவரை ஏற்றும் 'மோட்புரோப் டபிள்யூஎல்' கட்டளையை நிர்வாகி உரிமையோடு (முன்னால் 'சுடோ' சேர்த்து) தட்டியதும் சாவி மறுக்கப்பட்டது, அல்லது தேவையான சாவி இல்லை என்ற பொருளில் ஒரு வரி வந்தால், அது 'செக்யூர் பூட்' என்ற தொடக்கநேரப் பாதுகாப்பின் வேலை. கையொப்பம் இல்லாத டிரைவரைக் கெர்னல் உள்ளே விடாது. உங்கள் கணினியில் தைத்த டிரைவருக்கு உங்கள் கணினியின் சாவியாலேயே கையொப்பம் இட்டு, அந்தச் சாவியைப் பயாஸ் மட்டத்தில் ஒருமுறை பதிய வேண்டும்.

உபுண்டு, மின்ட் நிறுவும்போதே இதற்காக ஒரு கடவுச்சொல் கேட்கும். பலர் ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அடுத்த முறை கணினி தொடங்கும்போது நீலத்திரை ஒன்று தோன்றி, ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லிப் பத்து விநாடி எண்ணிக்கொண்டிருக்கும். அழுத்தினால் வரும் பட்டியலில் 'என்ரோல் மோக்' என்பதைத் தேர்ந்து, 'கன்டினியூ', 'யெஸ்' என்று சென்று, முன்பு கொடுத்த அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். அவினாசியில் ஒரு பனியன் கம்பெனிக் கணக்கருக்காக உட்கார்ந்தபோது, மறுதொடக்கம் கொடுத்துவிட்டு நான் டீ வாங்க எழுந்து போனேன். திரும்பி வந்தபோது அந்த நீலத்திரை வந்து போயிருந்தது, கணினி ஒன்றும் நடக்காதது போலத் தொடங்கியிருந்தது, வைஃபை இல்லை. காரணம் புரியாமல் டிரைவரை இருமுறை நீக்கி நிறுவினேன். தவறு முழுக்க என்னுடையது. திரையைத் தவறவிட்டால் 'மோக்யூடில்' கட்டளையில் 'இம்போர்ட்' என்பதைக் கொடுத்துச் சாவியை மீண்டும் பதிவுக்கு அனுப்பலாம். செக்யூர் பூட்டையே பயாஸில் அணைத்துவிடுவது எளிய வழி. வீட்டுக் கணினிக்கு அதில் பெரிய தீங்கில்லை என்று நினைக்கிறேன். ஆனால் விண்டோஸ் பக்கத்தில் பிட்லாக்கர் (வட்டைப் பூட்டும் வசதி) இயங்கும் கணினியானால், மீட்புச் சாவியைக் கையில் வைத்துக்கொள்ளாமல் அதைத் தொடாதீர்கள்.

அறிகுறி: நேற்றுவரை இருந்தது, புதுப்பித்த பிறகு காணோம்

இது மேலே சொன்ன தையல் கதையின் தொடர்ச்சி. புதிய கெர்னல் வந்திருக்கும், அதன் ஹெடர் வந்திருக்காது, ஆகவே டிரைவர் புதிதாகத் தைக்கப்பட்டிருக்காது. கணினி தொடங்கும்போது, எதை இயக்குவது என்று கேட்கும் கிரப் பட்டியலில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' சென்று முந்தைய கெர்னலைத் தேர்ந்தால் வைஃபை திரும்பிவிடும். அங்கிருந்து, குறிப்பிட்ட எண்ணுக்கான ஹெடரை அல்லாமல், உபுண்டுவில் 'லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக்', டெபியனில் 'லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64' என்ற பொதுப் பேக்கேஜை நிறுவிவிடுங்கள். இனி ஒவ்வொரு கெர்னலோடும் அதன் ஹெடர் தானே வரும்.

அறிகுறி: டிரைவர் வரி இருக்கிறது, வைஃபை பொத்தான் இல்லை

இங்கே ஃபர்ம்வேரைப் பார்க்க வேண்டும். வைஃபை அட்டைக்குள் ஒரு சிறிய கணினியே இருக்கிறது. பெரும்பாலான அட்டைகளில் அதற்கான நிரல் அட்டைக்குள் நிலையாகத் தங்குவதில்லை, ஒவ்வொரு முறை இயக்கும்போதும் இயக்குதளம்தான் அதை ஊற்ற வேண்டும். விண்டோஸில் இது டிரைவரோடு சேர்ந்தே வருவதால் யாரும் கவனிப்பதில்லை. லினக்ஸில் அது தனிக் கோப்பு. 'டிமெஸ்ஜி' கட்டளையை நிர்வாகி உரிமையோடு இயக்கி, ஃபர்ம்வேர் என்ற சொல் வரும் வரிகளைப் பாருங்கள். ஏற்ற முடியவில்லை, பிழை -2 என்று இருந்தால், அந்த -2 என்பதற்கு 'கோப்பு இல்லை' என்பதுதான் பொருள். அட்டை பழுது என்று பொருளல்ல.

உபுண்டுவில் 'லினக்ஸ்-ஃபர்ம்வேர்' என்ற ஒரே பேக்கேஜில் பெரும்பாலானவை உண்டு. டெபியனில் இன்டெலுக்கு 'ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை', ரியல்டெக்குக்கு 'ஃபர்ம்வேர்-ரியல்டெக்', ஏதெரோஸுக்கு 'ஃபர்ம்வேர்-ஏதெரோஸ்' எனப் பிரித்து வைத்திருக்கிறார்கள். 2023 ஜூனில் டெபியன் 12 வந்ததிலிருந்து இவை நிறுவும் வட்டிலேயே இடம்பெறுகின்றன. அதற்கு முந்தைய பதிப்புகளின் அதிகாரப்பூர்வ வட்டில் இல்லை. யாரோ நான்கு ஆண்டுக்கு முன் எழுதித் தந்த பென்டிரைவிலிருந்து நிறுவியவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. இன்டெல் டிரைவர், தனக்குத் தெரிந்த மிகப் புதிய ஃபர்ம்வேரில் தொடங்கி, கிடைக்காவிட்டால் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கித் தேடும். அப்போது ஏழெட்டு வரிகள் பிழை -2 என்று வரிசையாக வந்து, கடைசியில் ஒரு பதிப்பு ஏறியதாக ஒரு வரி வரும். அந்தக் கடைசி வரி இருந்தால் மேலே உள்ளவற்றை விட்டுவிடலாம்.

அறிகுறி: வைஃபை அணைந்திருப்பதாகவே காட்டுகிறது

'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்று தட்டுங்கள். 'சாஃப்ட் பிளாக்டு' என்பதற்கு எதிரே 'யெஸ்' இருந்தால் 'ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல்' போதும். 'ஹார்ட் பிளாக்டு' என்பதற்கு எதிரே இருந்தால் கட்டளையால் ஆகாது. மடிக்கணினியின் முன் விளிம்பிலோ பக்கவாட்டிலோ சிறிய நகர்த்துப் பொத்தான் இருக்கும், அல்லது விமானப் படம் போட்ட விசை இருக்கும். பொத்தானே இல்லாத மாடலிலும் 'ஹார்ட் பிளாக்டு' வருவதுண்டு. லெனோவாவின் சில ஐடியாபேடு மாடல்களில், இல்லாத பொத்தான் அணைந்திருப்பதாக 'ஐடியாபேட்-லேப்டாப்' என்ற கெர்னல் பகுதி பழைய கெர்னல்களில் தவறாகச் சொல்லும். அதை 'மோட்புரோப் -ஆர்' கொண்டு தற்காலிகமாக இறக்கிப் பாருங்கள்; வைஃபை வந்தால் காரணம் அதுவே.

பொத்தான் இயங்கியும் பட்டியல் வராமல், 'என்எம்சிஎல்ஐ டிவைஸ்' கட்டளையில் அட்டைக்கு எதிரே 'அன்மேனேஜ்டு' என்று இருந்தால், அது டெபியனுக்கே உரிய குறை. நிறுவும்போது வைஃபை வழியாகவே நிறுவியிருந்தால், அந்த இணைப்பின் விவரம் 'இடிசி' கோப்புறையில் 'நெட்வொர்க்' என்பதன் கீழ் 'இன்டர்ஃபேசஸ்' கோப்பில் எழுதப்பட்டுவிடும். அங்கே பெயர் இருக்கும் அட்டையை, இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜர் தொடாது. அட்டையின் பெயர் வரும் வரிகளின் முன் '#' குறியிட்டு, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள்.

அறிகுறி: அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் தெரிகிறது, நம்முடையது தெரியவில்லை

ரூட்டர் 5 ஜிகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்கி, அட்டை 2.4 மட்டுமே அறிந்ததாக இருந்தால் தெரியாது. அது இல்லையென்றால் சேனலைப் பாருங்கள். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் இந்தியாவில் 13-ஆம் சேனல் வரை உண்டு. அமெரிக்க விதிகளில் வழங்குவது 11 வரை. அட்டை தன்னை அமெரிக்காவில் இருப்பதாக எண்ணிக்கொண்டால், 12 அல்லது 13-இல் நிற்கும் ரூட்டரைத் திரும்பியும் பார்க்காது. 'ஐடபிள்யூ ரெக் கெட்' நாட்டைக் காட்டும். 'ஐடபிள்யூ ரெக் செட்' என்பதோடு இந்தியாவின் ஈரெழுத்துக் குறியைப் பெரிய எழுத்தில் கொடுத்தால் மாறும். அதைவிட ரூட்டரை 1, 6, 11 ஆகியவற்றுள் ஒன்றில் நிறுத்திவிடுவது நிலையான தீர்வு.

ரூட்டருக்குப் பக்கத்தில் அமர்ந்தால் மட்டும் தெரிந்து, திண்ணைக்கு வந்தால் மறைந்தால், அட்டை ஆர்டிஎல்8723பிஇ-யா என்று பாருங்கள். அந்தச் சில்லில் இரண்டு ஆன்டெனா முனைகள் உண்டு. சில மடிக்கணினிகளில் ஒன்றில் மட்டும் கம்பி மாட்டியிருப்பார்கள். டிரைவரோ கம்பி இல்லாத முனையில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். 'ஏஎன்டி-செல்' என்ற அளவுருவை (நடுவில் இருப்பது அடிக்கோடு) 2 அல்லது 1 என்று கொடுத்து டிரைவரை மீண்டும் ஏற்றினால், ஒரு கோடாக இருந்த சிக்னல் நான்கு கோடாக எழுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

அறிகுறி: கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது

விசைப்பலகை தமிழ்99-இல் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். கடவுச்சொல் புள்ளிகளாகத் தெரிவதால், உள்ளே தமிழெழுத்து விழுவது கண்ணுக்குப் படாது. சிரிக்க வேண்டாம், நானே இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன். அது சரியாக இருந்தால், ரூட்டர் டபிள்யூபிஏ3 என்ற புதிய பாதுகாப்பு முறை மட்டும் என்று அமைந்திருக்கிறதா பாருங்கள்; பிராட்காம் டபிள்யூஎல் டிரைவருக்கு அது தெரியாது, டபிள்யூபிஏ2-ஐயும் அனுமதிக்க வேண்டும். யுஎஸ்பி துண்டு என்றால், நெட்வொர்க் மேனேஜர் தேடும்போது அட்டையின் முகவரியை மாற்றி மாற்றிக் காட்டுவதைச் சில துண்டுகள் தாங்குவதில்லை. அந்தப் பழக்கத்தை அதன் அமைப்புக் கோப்பில் நிறுத்திவிடலாம்.

அறிகுறி: இணைந்துவிட்டது, பக்கம் எதுவும் திறக்கவில்லை

'பிங் 8.8.8.8' பதில் தருகிறதா? தந்தால் அட்டை, டிரைவர், ரூட்டர் எல்லாம் சரி, அவற்றைத் தொடாதீர்கள். பெயரைக் கொடுத்துப் பிங் செய்தால் மட்டும் தவறினால் டிஎன்எஸ் (தளப் பெயரை எண் முகவரியாக மாற்றும் சேவை) குறை. இணைப்பின் ஐபிவி4 அமைப்பில் டிஎன்எஸ் முகவரியை நீங்களே எழுதிவிடுங்கள். பெயரும் சரியாக வந்து, உலாவி மட்டும் எல்லாத் தளத்தையும் பாதுகாப்பற்றது என்று தடுத்தால், திரையின் மூலையில் இருக்கும் கடிகாரத்தைப் பாருங்கள்.

சென்னிமலைப் பெரியவரின் கணினியில் அதுதான். தேதி 2012 என்று இருந்தது. தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் தொடங்கும் நாளும் முடியும் நாளும் கொண்டவை. 2012-இல் நிற்கும் கணினிக்கு இன்றைய சான்றிதழ் எல்லாம் இன்னும் பிறக்காதவை, ஆகவே பொய்யானவை. பெரிய பேட்டரி செத்துப்போய்ச் சார்ஜரிலேயே ஓடும் கணினியில், கடிகாரத்தைத் தாங்க பலகையில் இருக்கும் 3 வோல்ட் சிஆர்2032 பொத்தான் பேட்டரியும் தீர்ந்தால், ஒவ்வொரு முறை பிளக்கைப் பிடுங்கும்போதும் காலம் பின்னோக்கி ஓடும். பேட்டரியை மாற்றி, தேதியைத் திருத்தினேன், அவ்வளவே.

அறிகுறி: சில நிமிடத்துக்கு ஒருமுறை அறுகிறது

மின்சேமிப்பை நிறுத்திப் பாருங்கள். உபுண்டுவில் நெட்வொர்க் மேனேஜரின் 'கான்ஃப்.டி' கோப்புறையில் 'வைஃபை-பவர்சேவ்' என்ற சொல் வரும் கோப்பில் 3 என்றிருப்பதை 2 ஆக்கினால் நிற்கும். வெளி ஹார்டு டிஸ்க்கை மாட்டும்போது மட்டும் அறுந்தால் மென்பொருளைத் தேட வேண்டாம்: யுஎஸ்பி 3.0 எழுப்பும் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுவதை இன்டெலே 2012-இல் ஓர் ஆய்வறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. டிஸ்க்கை ஒரு முழ நீளக் கேபிளில் தள்ளி வையுங்கள், அல்லது 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள்.

எதுவும் ஆகாதபோது

அட்டையையே மாற்றலாம். காந்திபுரம் பக்கம் பழுதுபார்க்கும் கடைகளில் பழைய கணினிகளிலிருந்து கழற்றிய அட்டைகளைக் கேட்டுப் பார்க்கலாம். பழைய மினி பிசிஐஇ வகைக் கணினிக்கு ஏதெரோஸ் ஏஆர்9285, ஏஆர்9485 போன்றவை எனக்குப் பிடித்தவை. 'ஏடிஹெச்9கே' டிரைவருக்குத் தனி ஃபர்ம்வேரே வேண்டாம். எம்.2 வகைக்கு இன்டெல் ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210 வாங்குங்கள். பெயர் ஒத்திருக்கிறதே என்று ஏஎக்ஸ்201 வாங்கிவிடாதீர்கள். அதன் பாதி மூளை இன்டெல் செயலித் தொகுதிக்குள் இருக்கிறது, அதற்கென அமைத்த கணினியில் மட்டுமே அது இயங்கும். சில பழைய மாடல்களின் பயாஸ், தன் பட்டியலில் இல்லாத அட்டையைக் கண்டால் கணினியைத் தொடங்கவே விடாது. வாங்கும் முன்பே கடைக்காரரிடம் உங்கள் கணினியில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். மாட்டும்போது ஆன்டெனாக் கம்பியின் தலையை நகத்தால் நேர் மேலாக அழுத்த வேண்டும், 'டிக்' என்ற மெல்லிய ஒலி வரும், எம்.2 அட்டையின் முனை பழைய மினி பிசிஐஇ அட்டையின் முனையைவிடச் சிறியது, ஆகவே பழைய கம்பி அதில் உட்காராது.